எர்ன்ஸ்ட் பார்லாக்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஹாம்பர்க்கில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் துறைமுகத்தையும் ஏரியையும் காட்டி முடித்தபிறகு, யெனிஷ் பூங்காவுக்குள் இருக்கும் ஒரு வெள்ளைக் கட்டடத்துக்கும் கூட்டிப்போவேன். பெயர் எர்ன்ஸ்ட் பார்லாக் இல்லம். "சிற்பமா, பத்து நிமிஷத்துல பார்த்துடலாம்" என்று உள்ளே போகிறவர்கள் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, ரயில் நிலையம் வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே நடப்பார்கள். பல வருடங்களாக ஒரே கேள்விகள். அவற்றை அவரவர் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன்.

பார்லாச்சா, பார்லாக்கா? முதல்ல யாருங்க இவர்?

'ச்' இல்லை. கடைசி எழுத்தைத் தொண்டையிலிருந்து காற்று உரசும்படி சொல்ல வேண்டும். 'அஃகம்' என்னும்போது வரும் ஆய்த ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும். தமிழில் 'பார்லாக்' என்று எழுதினால் போதும்.

ஜெர்மன் சிற்பி. 1870 ஜனவரி 2 அன்று ஹாம்பர்க்கை ஒட்டிய வேடல் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மருத்துவர். ஹாம்பர்க்கில் கைவினைப் பள்ளி, பிறகு டிரெஸ்டன் கலைக்கழகத்தில் ராபர்ட் டீட்ஸ் என்ற சிற்பியிடம் பாடம், அதன்பின் பாரிஸ். வாழ்வின் பிற்பாதி முழுவதும் வடக்கு ஜெர்மனியில் கியூஸ்ட்ரோ என்ற ஊரில். 1938இல் மறைந்தார்.

சிற்பி மட்டும்தானா? நாடகமும் எழுதியிருக்காராமே?

எழுதினார். எட்டு நாடகங்கள், அதில் ஒன்று அவர் இறந்தபிறகு வெளிவந்தது. நோவா காலத்துப் பெருவெள்ளத்தைப் பற்றிய நாடகத்துக்கு 1924இல் கிளைஸ்ட் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் அது பெரிய கௌரவம். மரச்செதுக்குப் படங்கள், கல்லச்சுப் படங்கள், தன் வரலாறு என்று நிறையச் செய்திருக்கிறார். நாடகங்கள் படிக்கக் கொஞ்சம் கடினம். சிற்பத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

சின்ன வயசுலயே பெயர் வாங்கிட்டாரா?

இல்லை. முப்பத்தாறு வயது வரை தட்டுத்தடுமாறினார். அந்தக் காலத்து மோஸ்தரில் வளைவு வளைவாக அலங்காரம் வரைந்தார். முட்ஸ் என்பவர்களின் மண்பாண்டப் பட்டறைக்கு உருவங்கள் செய்து தந்தார். 1904இல் ஹோயர் என்ற ஊரின் பீங்கான் தொழிற்பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் போய், அதையும் அடுத்த ஆண்டே விட்டார். கையில் காசில்லை, எதிலும் பிடிப்பில்லை. 1906இல் ஒரு மகன் பிறந்தான். குழந்தையின் தாயை அவர் மணக்கவில்லை. பிள்ளை யாரிடம் வளர்வது என்று இரண்டு ஆண்டுகள் வழக்காடி, கடைசியில் தன்னிடமே வாங்கிக்கொண்டார்.

அந்தப் பிள்ளை பிறந்த மாதத்தில் அவர் ஊரிலேயே இல்லை. ரஷ்யப் பேரரசில் இருந்தார்.

ரஷ்யாவுக்குப் போனதும் எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, அப்படி அங்க என்னதான் பார்த்தார்?

போனது இரண்டு மாதம்தான். தம்பி ஹான்ஸ் பொறியாளர். இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் வேலை. அவரைப் பார்க்கப் போன இடத்தில் பார்லாக் கண்டது பிச்சைக்காரர்கள், குடியானவர்கள், ஆடு மேய்ப்பவர்கள். தடித்த கம்பளி அங்கியைச் சுற்றிக்கொண்டு வெட்டவெளியில் குந்தியிருக்கும் ஒரு மனிதர், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பாறை மாதிரி. அந்தச் சமவெளியில் நிமிர்ந்து நிற்பது அந்த மனித உருவம் ஒன்றுதான்.

உள்ளே இருப்பதற்கும் வெளியே தெரிவதற்கும் நடுவில் ஒளிவுமறைவு இல்லாத மனிதர்களாக அவர்கள் அவருக்குத் தெரிந்தார்கள். அதில் கொஞ்சம் வெளியூர்க்காரரின் கற்பனையும் உண்டு என்பது என் எண்ணம். இரண்டு மாத விருந்தாளிக்கு வறுமைகூட அழகாகத் தெரியும். ஆனால் கலைஞராக அவருக்குத் தேவையானது அங்கே கிடைத்துவிட்டது. திரும்பி வந்து களிமண்ணில் ரஷ்யப் பிச்சைக்காரர்களைச் செய்து 1907இல் பெர்லினில் காட்சிக்கு வைத்தார். பால் கசிரர் என்ற கலை வணிகர் அவருடன் ஒப்பந்தம் போட்டார்: செய்வதை எனக்குக் கொடு, மாதாமாதம் பணம் தருகிறேன். அன்றுமுதல் வயிற்றுப்பாட்டுக் கவலை குறைந்தது.

ஏன் எல்லா உருவமும் போர்வை போர்த்தின மாதிரியே இருக்கு? கை, கால் எல்லாம் தெரியவே இல்லையே?

நல்ல கேள்வி. பதில் பாதி ரஷ்ய அங்கியில் இருக்கிறது, பாதி மரத்தில். 1907க்குப் பிறகு அவர் ஓக் மரத்தை நேரடியாகச் செதுக்கத் தொடங்கினார். நீட்டிய கையும் பறக்கும் துணியும் மரத்துக்கு ஆகாது. நாரோட்டத்துக்குக் குறுக்கே போனால் ஒடியும். கட்டை என்ன உருவில் இருக்கிறதோ அதற்குள் அடங்கும்படி மனிதரைச் சுருட்டி வைத்தார். உடல் துணிக்குள் போய்விட, முகமும் கையும் மட்டும் வெளியே நிற்கின்றன. நம் கண் வேறெங்கும் போக வழியில்லை.

கிட்டப் போய்ப் பாருங்கள். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருக்க மாட்டார். உளி எடுத்த சிறுசிறு தடங்கள் அலையலையாக அப்படியே இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் அங்கியின் மடிப்பு அசைவது போலத் தோன்றும். 1928இல் செய்த 'பாடும் மனிதன்' வெண்கலம், ஆனால் அதிலும் இதே சிக்கனம்தான். ஒருவன் தரையில் உட்கார்ந்து, மடக்கிய முழங்காலைக் கைகளால் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து பாடுகிறான். கைப்பிடியை விட்டால் மல்லாக்க விழுவான். அந்தப் பாரம்தான் பாட்டு.

பெர்லின்ல ஆள் தெரிய ஆரம்பிச்ச நேரத்துல ஏன் ஒரு பட்டிக்காட்டுக்குப் போனார்?

கியூஸ்ட்ரோ பட்டிக்காடு இல்லை, பெரிய தேவாலயம் கொண்ட பழைய ஊர். ஆனால் கலை உலகத்துக்கு அது பட்டிக்காடுதான், சரி. 1909இல் உதவித்தொகை பெற்று ஃபுளோரன்ஸில் பத்து மாதம் இருந்துவிட்டு, 1910இல் கியூஸ்ட்ரோவில் குடியேறினார். அங்கே அவருடைய அம்மா இருந்தார், மகனும் அவரிடம் வளர்ந்துகொண்டிருந்தான். அதோடு கூட்டமும் விருந்தும் அவருக்குப் பிடிக்காது. 1930–31இல் ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் பெரிய பட்டறை கட்டிக்கொண்டார். இன்று அது அருங்காட்சியகம்.

உங்க ஊர் மியூசியத்துல வரிசையா நிக்கிற ஒன்பது மர பொம்மை என்ன?

பொம்மை என்று சொன்னால் காப்பாளர் முறைப்பார். 'செவிமடுப்போர்' என்று பொருள்படும் பெயருள்ள ஒன்பது ஓக் மரச் சிற்பங்கள். முதலில் பீத்தோவனுக்கு ஒரு நினைவுச்சின்னமாக யோசித்தார், அது கைகூடவில்லை. பிறகு நடிகை டில்லா டூரியோ (இவர் பால் கசிரரின் முன்னாள் மனைவி) தன் இசை அறைக்குக் கேட்டார். அவர்கள் குடும்பத்தின் பணநிலை சரிந்ததும் அதுவும் நின்றது. 1934இல் சிகரெட் தொழிலதிபர் ஹெர்மன் ரீம்ட்ஸ்மா கியூஸ்ட்ரோவுக்கு வந்து பார்த்துவிட்டு, முடித்துக் கொடுங்கள் என்றார். 1935இல் முடிந்தது. பார்லாக்குக்கு வேறு யாரும் வேலை தராத காலம் அது.

கனவு காண்பவள், பார்வையற்றவர், வழிப்போக்கர், நாட்டியக்காரி என்று ஒவ்வொருவரும் தனித்தனி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் எல்லோர் காதிலும் ஒரே ஒலி விழுந்துகொண்டிருப்பது போல நிற்கிறார்கள். என் மாமியார் எதுவும் கேட்காமல் இந்த அறையில்தான் அதிக நேரம் நின்றார். அவற்றை வைக்கவே ரீம்ட்ஸ்மா கட்டிய இல்லம் 1962இல் திறந்தது.

போரை ஆதரிச்சவர்னு ஒருத்தர் சொல்றார், போரை எதிர்த்தவர்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டும் சரி. ஆண்டைப் பார்க்க வேண்டும். 1914இல் போர் தொடங்கியபோது அவருக்கு 44 வயது; மற்ற ஜெர்மானியரைப் போலவே அவரும் உணர்ச்சிவசப்பட்டார். கசிரர் நடத்திய போர்க்காலப் பத்திரிகைக்குப் படம் போட்டார். அந்த ஆண்டு செய்த 'பழிவாங்குபவன்' சிற்பத்தைப் பாருங்கள். வாளைத் தோளுக்கு மேல் ஓங்கியபடி, உடம்பு தரைக்கு இணையாகத் துப்பாக்கிக் குண்டு போலப் பாய்கிறது. அற்புதமான சிற்பம். வெறி பிடித்த சிற்பமும்கூட.

1915 கடைசியில் அவரையே படைக்கு அழைத்தார்கள். சில வாரங்கள் படைமுகாமில் இருந்துவிட்டு 1916 தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டார். அவர் ஊருக்குத் திரும்பியபோது வெறி இறங்கியிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் அவர் செய்த போர் நினைவுச்சின்னங்கள் எதிலும் வாளை ஓங்கும் படைவீரன் கிடையாது.

கியூஸ்ட்ரோ தேவதை ரொம்பப் பிரபலமாமே? அது பறக்குதா, தொங்குதா?

இரண்டும்தான். வெண்கலத்தில் ஒரு மனித உருவம். சிறகு இல்லை. படுத்த நிலையில், கைகளை மார்பின் குறுக்கே கட்டி, கண்ணை மூடி, கியூஸ்ட்ரோ தேவாலயத்தின் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்குகிறது. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1927இல் அமைத்தது. அவர் கூலி வாங்கவில்லை, பொருளுக்கும் வார்ப்புக்கும் ஆன செலவை மட்டும் பெற்றுக்கொண்டார்.

அந்த முகம் கேத்தே கோல்விட்ஸுடையது. அவரும் பெரிய சிற்பி, ஓவியர். 1914 அக்டோபரில் இளைய மகன் பேட்டரைப் போரில் இழந்தவர். வேண்டுமென்று அந்த முகத்தை வைக்கவில்லை, தானாக வந்து சேர்ந்தது, நினைத்துச் செய்திருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்று பார்லாக்கே பின்னாளில் சொன்னார்.

செத்தவங்களுக்கு நினைவுச்சின்னம்தானே வெச்சார்? நாஜிகளுக்கு அதுல என்ன கோபம்?

வெற்றியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் கோபம். மாக்டெபுர்க் தேவாலயத்தில் 1929இல் வைத்த மரச்சிற்பத்தில் ஆறு பேர். மேலே மூன்று படைவீரர்கள் சிலுவையைச் சுற்றி நிற்கிறார்கள், கண்கள் எங்கோ நிலைகுத்தியிருக்கின்றன. கீழே முக்காடிட்ட ஒரு பெண் கைகளை இறுக்கிக்கொள்கிறாள். நடுவில் தலைக்கவசம் அணிந்த எலும்புக்கூடு. பக்கத்தில் நச்சுவாயு முகமூடி மார்பில் தொங்க, தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவன். 'வீரமரணம்' என்ற சொல்லை இதன் முன்னால் நின்று யாராலும் சொல்ல முடியாது. 1934இல் அகற்றிவிட்டார்கள்.

ஹாம்பர்க்கில் நகரமன்றத்துக்கு எதிரே 21 மீட்டர் உயரக் கல்தூண் இருக்கிறதே, அதன் ஒரு பக்கத்தில் அவருடைய புடைப்புச் சிற்பம், 1931. துக்கத்தில் இருக்கும் தாய், அவளோடு ஒட்டிக்கொண்ட குழந்தை. மறுபக்கம் 'நகரத்தின் நாற்பதாயிரம் மகன்கள் உங்களுக்காக உயிர்விட்டார்கள்' என்ற வரி. நாஜிகள் எழுத்தை விட்டுவைத்தார்கள். தாயைச் செதுக்கி எடுத்துவிட்டு அங்கே ஒரு கழுகைப் போட்டார்கள். 1949இல் தாயும் குழந்தையும் திரும்பி வந்தார்கள்.

கீல் நகரத்தில் 1928இல் நின்ற வெண்கலம் வேறு மாதிரி. ஒரு விலங்கின் முதுகில் வாளை நேராகப் பிடித்து நிற்கும் தேவதை. அதை 1937இல் இறக்கி, துண்டுதுண்டாக அறுத்தார்கள். ஆனால் உருக்கவில்லை. ஒளித்துவைத்த துண்டுகளை ஒட்டி 1954இல் அதே நகரத்தின் நிக்கோலாய் தேவாலயத்துக்கு வெளியே நிறுத்தினார்கள்.

அவர் யூதரா?

இல்லை. ஆனால் இந்தக் கேள்வி அவர் காலத்திலேயே வதந்தியாகச் சுற்றியது. பெயரை வைத்துச் சொன்னார்கள், அகன்ற முகமுள்ள ரஷ்யக் குடியானவர்களைச் செய்ததை வைத்துச் சொன்னார்கள். 'கிழக்கத்திய', 'தாழ்ந்த இனத்து' முகங்களைச் செதுக்குகிறார் என்று நாஜிப் பத்திரிகைகள் எழுதின. 1937இல் நாட்டின் பொதுச் சேகரிப்புகளிலிருந்து அவருடைய 381 படைப்புகளைப் பறிமுதல் செய்தார்கள். அவற்றில் ஒன்றான, இயேசுவும் தாமசும் தழுவிக்கொள்ளும் சிற்பத்தை, மியூனிக்கில் நடந்த 'சீரழிந்த கலை' கண்காட்சியில் கேலிக்காக நிறுத்தினார்கள். அதே ஆண்டு பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்தும் வெளியேற்றினார்கள்.

எப்படி இறந்தார்? ஏதாவது செஞ்சுட்டாங்களா?

யாரும் கை வைக்கவில்லை. 1938 அக்டோபர் 24 அன்று ரோஸ்டாக் நகர மருத்துவமனையில் மாரடைப்பில் இறந்தார், வயது 68. உடல் கியூஸ்ட்ரோ பட்டறையில் வைக்கப்பட்டபோது, கேத்தே கோல்விட்ஸ் வந்து சவப்பெட்டியில் கிடந்த முகத்தை வரைந்தார். தன் முகத்தை உலோகத்தில் வார்த்தவரின் முகத்தை இவர் தாளில் வரைந்தார். பின்பு 'புலம்பல்' என்ற ஒரு சிறு புடைப்புச் சிற்பமும் செய்தார்: ஒரு பெண் முகம், பாதியைக் கைகள் மூடியிருக்கும்.

சிறுவயதில் வாழ்ந்த ராட்செபுர்க் ஊரில், அப்பாவின் கல்லறை இருக்கும் இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

தேவதையை உருக்கிட்டாங்கன்னு படிச்சேன். அப்ப இப்ப தொங்கறது எது?

கியூஸ்ட்ரோ தேவதையை 1937 ஆகஸ்ட் 23 அன்று இறக்கினார்கள், 1941இல் போர்த்தளவாடத்துக்காக உருக்கினார்கள். ஆனால் பெர்லினில் நோவாக் வார்ப்புப் பட்டறையில் பிளாஸ்டர் மாதிரி இருந்தது. நண்பர்கள் அதிலிருந்து ரகசியமாக இன்னொன்றை வார்த்து, லூனெபுர்க் பக்கத்து ஒரு கிராமத்தில் ஒளித்துவைத்தார்கள். போர் முடிந்தபிறகு அது கொலோன் நகரத்தின் அந்தோனியர் தேவாலயத்துக்குப் போனது. அதிலிருந்து அச்செடுத்து மூன்றாவதாக வார்த்ததுதான் 1953இல் கியூஸ்ட்ரோவுக்குத் திரும்பியது. அப்போது கொலோன் மேற்கு ஜெர்மனி, கியூஸ்ட்ரோ கிழக்கு ஜெர்மனி.

கம்யூனிஸ்டுகள் இவரைக் கொண்டாடியிருப்பாங்களே? நாஜிகளுக்குப் பிடிக்காதவர்தானே?

அப்படித்தான் நானும் நினைத்தேன். 1951 கடைசியில் கிழக்கு பெர்லினில் கண்காட்சி வைத்தபோது, அவநம்பிக்கையைப் பரப்புகிறார், இந்த ஏழைகள் போராடவில்லையே என்று கட்சிப் பத்திரிகை சாடியது. நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் பதில் எழுதி அவருக்காக நின்றார்.

பிறகு நிலைமை மாறியது. 1981 டிசம்பர் 13 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் கிழக்குத் தலைவர் ஹோனெக்கருடன் கியூஸ்ட்ரோ வந்தது இந்தத் தேவதையைப் பார்க்கத்தான். உளவுத்துறை ஊர்மக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் செய்து, தெருக்களைத் தன் ஆட்களால் நிரப்பியிருந்தது.

ஹிட்லருக்கு ஆதரவா கையெழுத்துப் போட்டாராமே? அதை ஏன் யாரும் சொல்றதில்ல?

போட்டார். 1934 ஆகஸ்டில், ஹிட்லர் குடியரசுத் தலைவர் பதவியையும் தன்னிடமே எடுத்துக்கொள்வதை ஆதரித்துக் கலைஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயரும் இருக்கிறது. ஓவியர் நோல்டே, கட்டடக் கலைஞர் மீஸ் ஃபான் டெர் ரோ பெயர்களும் இருக்கின்றன. மாக்டெபுர்க் சிற்பத்தை அகற்றிய அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள். கட்சிக்காரர் அல்ல, விட்டுவிடுவார்கள் என்ற நப்பாசையில் போட்ட கையெழுத்து என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எப்படிப் பார்த்தாலும் போட்டது போட்டதுதான். விடவும் இல்லை: இரண்டு ஆண்டு கழித்து அவருடைய கோட்டோவியப் புத்தகத்தையே பறிமுதல் செய்தார்கள்.

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், "அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க" என்று. 1914ஐப் பற்றி மேலே சொன்னதையும் இதையும் சேர்த்தே சொல்வேன். அவரைச் சாமியாராக்கினால் அந்தப் 'பழிவாங்குபவன்' யார் செய்தது என்று விளங்காமல் போகும்.

இறந்தப்புறம் வார்த்த வெண்கலம் எல்லாம் அசலா, நகலா? விலை மட்டும் அசல் மாதிரி சொல்றாங்களே?

சந்தையில் இதுதான் எப்போதும் தகராறு. வெண்கலச் சிற்பி பெரும்பாலும் களிமண்ணில் செய்கிறார், அதிலிருந்து பிளாஸ்டர் எடுக்கிறார், வார்ப்பது பட்டறைக்காரர்கள். பிளாஸ்டர் இருக்கும்வரை எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். பார்லாக் உயிரோடு இருந்தபோது பார்த்து ஒப்புக்கொண்டவை குறைவு; வாரிசுகள் அனுமதியோடு பின்னால் வார்த்தவை ஏராளம். வாங்குகிறவர் எந்த ஆண்டு, எந்தப் பட்டறை, எத்தனையாவது பிரதி என்று மூன்றையும் கேட்டே ஆக வேண்டும். கீல் நகரத் தேவதைக்குக்கூட பெர்லின் கெத்செமனே தேவாலயத்தின் முன்னும் அமெரிக்காவில் மினியாபொலிஸிலும் பிரதிகள் உண்டு.

தேவதை விஷயத்தில் எனக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. அவர் கண்ணால் பார்த்த முதல் வார்ப்பு இன்று இல்லை. கொலோனில் இருப்பது இரண்டாவது, கியூஸ்ட்ரோவில் இருப்பது மூன்றாவது. சந்தைக்காரர் நகலின் நகல் என்பார். 2014இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஜெர்மனியைப் பற்றிக் கண்காட்சி வைத்தபோது இரவல் கேட்டு வாங்கித் தொங்கவிட்டது அந்த மூன்றாவதைத்தான்.